கல்வெட்டுக்கு முன்னரே கேட்க வேண்டியவை

கேள்வி: என் அம்மம்மாவுக்குத் தொண்ணூறு வயது கடந்துவிட்டது. கண்டாவளைப் பக்கத்தில் எங்களோடு இருக்கிறார். வன்னியின் ஆறு பாடசாலைகளில் 38 வருடம் படிப்பித்து, 1994இல் ஓய்வு பெற்றவர். காது கொஞ்சம் மந்தம், முழங்கால் நோவு. நினைவில் மட்டும் பழுதில்லை. இன்றைக்கும் விடிய நாலு மணிக்கு எழும்பி, திருநீறு பூசி, சிவபுராணம் முழுவதையும் பாராமல் சொன்ன பிறகுதான் தேத்தண்ணீர் குடிப்பார். அவருடைய வாழ்க்கையை ஒரு சிறு நூலாக எழுத விரும்புகிறேன். அம்மா, "ஆள் இருக்கேக்கையே கல்வெட்டு எழுதுறதோ?" என்று ஏசுகிறார். அம்மம்மாவிடம் கேட்டால், "என்னைப் பற்றி எழுத என்ன கிடக்கு, பிள்ளை" என்று எழும்பிப் போய்விடுகிறார். படங்கள், நியமனக் கடிதம், சான்றிதழ்கள் எல்லாம் 2009இல் போய்விட்டன. எந்தச் சம்பவத்துக்கும் திகதி சொல்ல மாட்டார். "கந்தசஷ்டிப் பாறணை முடிஞ்ச கிழமை யாழ்ப்பாணத்துச் சனம் வந்து எங்கடை பள்ளிக்கூடத்திலை இறங்கினது" என்பதுபோலத்தான் சொல்வார். அடையாள அட்டையில் பிறந்த திகதி 1934 பெப்ரவரி 5, அவர் சொல்வதோ "பவ வருஷம், மாசி மகத்துக்கு முதல் நாள்." இன்னொன்றும் உண்டு. கடைசி மாமா 2009 வைகாசியில் காணாமற் போனவர். அதன் பிறகு அம்மம்மா எட்டு வருடம் எந்தக் கோயிலுக்குள்ளும் போகவில்லை; வீட்டில் விளக்கு வைப்பதை மட்டும் விடவில்லை. 2017இல் கிளிநொச்சி கந்தசாமி கோயிலடியில் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் இருந்த கொட்டிலுக்குப் போய் இருக்கத் தொடங்கினார். சில மாதம் கழித்து ஒருநாள் தானாகவே எழும்பிக் கோயிலுக்குள் போனார். ரொறன்ரோவில் இருக்கும் பெரிய மாமா, நூலின் செலவு முழுவதையும் தான் தருவதாகவும், இந்தக் கதை மட்டும் அதில் வரக்கூடாது என்றும் சொல்கிறார். எங்கிருந்து தொடங்குவது?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

அம்மாவின் ஏச்சிலிருந்தே தொடங்குகிறேன். இப்போதைக்கு உங்களை மறித்துக்கொண்டு நிற்பது அதுதான். அவர் அஞ்சுவதில் பொருள் இருக்கிறது. நம்மிடையே ஒருவருடைய வாழ்க்கையை அச்சில் ஏற்றுவது என்றால் அது அந்தியேட்டியன்று, அதாவது இறந்த முப்பத்தோராம் நாள் கிரியையன்று, வீட்டுக்கு வந்தவர்களின் கையில் கொடுக்கும் நினைவு நூலான கல்வெட்டு என்றே பழகிவிட்டது. முப்பத்தோராம் நாளுக்குள் அச்சாகிவிட வேண்டும் என்பதால் குடும்பத்தார் பெரும்பாலும் இருபதாம் நாளுக்குப் பிறகு, அழுது களைத்த முகத்தோடு, ஒரு படத்தையும் அரைப்பக்கக் குறிப்பையும் கொண்டு என்னிடம் வருவார்கள். பஞ்சபுராணமும் கந்தசஷ்டி கவசமும் சகலகலாவல்லி மாலையும் சேர்ந்தால் பக்கங்கள் நிரம்பிவிடும். வாழ்க்கை வரலாறு என்ற தலைப்பின் கீழ் எழுத உட்காரும்போது, "முதல் நியமனம் எந்தப் பாடசாலையில்?" என்று கேட்பேன், பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்ப்பார்கள். தெரிந்த ஒரே ஆள் படத்தில் இருப்பார்.

அதனால்தான் நம் கல்வெட்டுகளில் ஊரையும் பெயரையும் மாற்றிவிட்டால் எல்லாரும் ஒருவராகிவிடுகிறார்கள்: இன்முகத்தோடு விருந்தோம்பியவர், இறைபக்தி மிக்கவர், எல்லாராலும் மதிக்கப்பட்டவர். பழைய கல்வெட்டுகளில் திதி வெண்பா என்று ஒன்று இருக்கும். ஆண்டு, மாதம், பக்கம், திதி என்று இறந்த நாளை ஒரு பிசகும் இல்லாமல் வெண்பாவில் அடைத்துத் தருவார்கள். அதே மனிதர் எந்த வருடத்தில் எந்த ஊருக்குக் குடிவந்தார் என்பது அந்த நூலில் எங்கும் இராது. இந்தத் தொழிலில் இருபது வருடத்துக்கு மேலாக இருப்பவன் என்ற முறையில் என்னையும் சேர்த்தே குறை சொல்கிறேன்.

அம்மாவோடு வாதாட வேண்டாம், பெயரை மாற்றுங்கள். ஓய்வு பெறும் ஆசிரியருக்குப் பாடசாலைச் சமூகம் சேவை நயப்பு விழா எடுத்து மலர் வெளியிடுவது நம்மிடையே உள்ள வழக்கம்தான். உங்கள் அம்மம்மா ஓய்வு பெற்ற 1994இல் வன்னியில் இருந்த நிலையில் அப்படி ஒரு விழா நடந்திருக்குமா என்பதை அம்மாவிடமே கேளுங்கள். நடக்கவில்லை என்றால் முப்பது வருடம் பிந்திய சேவை நயப்பு மலர் இது. இருப்பவருக்கு எடுப்பது, மங்கலமானது. இந்த ஒரு சொல்மாற்றத்தில் இளகிய குடும்பங்கள் சிலவற்றை நான் பார்த்திருக்கிறேன்.

அடுத்தது அம்மம்மாவின் மறுப்பு. அதை அடக்கம் என்று மட்டும் எடுத்துக்கொள்ளாதீர்கள். "உங்கள் வாழ்க்கையைச் சொல்லுங்கள்" என்பது யாருக்கும் பதில் சொல்ல முடியாத கேள்வி. அதற்கு எங்கிருந்து வாய் திறப்பது என்று தெரியாது. 38 வருடம் வகுப்பறையில் நின்றவருக்குத் தன்னைப் பற்றிப் பேசிப் பழக்கமும் இராது, பிள்ளைகளைப் பற்றியே பேசிப் பழக்கம் இருக்கும். ஆகவே அவரைப் பற்றிக் கேட்காமல் பள்ளிக்கூடத்தைப் பற்றிக் கேளுங்கள். முதற் பள்ளிக்கூடத்தின் கூரை கிடுகா, ஓடா? தண்ணீர் எந்தக் கிணற்றிலிருந்து வந்தது? அரிவரியில் எத்தனை பிள்ளைகள் இருந்தார்கள், எத்தனை பேர் வெறுவயிற்றோடு வந்தார்கள்? அறுவடைக் காலத்தில் வகுப்பில் மிஞ்சியவர்கள் யார்? மாரியில் பாதை வெட்டுப்பட்டால் பாடசாலைக்கு எப்படிப் போனார்? மாணவிகளில் யாரை இடைநிறுத்திக் கலியாணம் கட்டிக் கொடுத்தார்கள், அதைத் தடுக்க இவர் யாருடைய வீட்டுப் படலைக்குப் போனார்? இப்படிக் கேட்டால் பதிலுக்குள் அவரும் வந்துவிடுவார்.

அதற்கும் அவர் அசையவில்லை என்றால், நான் கையாளும் ஒரு தந்திரத்தைச் சொல்கிறேன். ஓய்வு பெற்ற ஆசிரியர்களிடம் இது பிசகுவதில்லை. அவருடைய முதற் பாடசாலையைப் பற்றி நீங்களே ஒரு பக்கம் எழுதுங்கள். தெரிந்ததையும் ஊகித்ததையும் கலந்து எழுதுங்கள். சந்திப் பிழைகள் சிலவற்றை வேண்டுமென்றே விட்டுவிடுங்கள். பெரிய எழுத்தில், வரிகளுக்கிடையே இடம் விட்டு, அந்தத் தாளை அவர் மடியில் வைத்து, "இதை ஒருக்காப் பாருங்கோ அம்மம்மா" என்று சொல்லிச் சிவப்புப் பேனையையும் பக்கத்தில் வைத்துவிட்டுக் குசினிக்குப் போய்விடுங்கள். முதலில் ஒற்றைத் திருத்துவார். பிறகு, "இது மண் சுவர் எண்டு ஆர் சொன்னது? தட்டி எல்லோ" என்று கூப்பிடுவார். அப்போது உங்கள் கைத்தொலைபேசியில் ஒலிப்பதிவு ஓடிக்கொண்டிருக்க வேண்டும். பதிவு செய்வது அவருக்குத் தெரிந்திருக்கவும் வேண்டும். களவாகப் பதிவு செய்வதை நான் ஒருபோதும் ஒப்புக்கொள்வதில்லை, சொந்தப் பேத்தியாக இருந்தாலும்.

இனித் திகதிகள். உங்கள் கடிதத்தில் என்னை மிகவும் மகிழ்வித்த பகுதி இதுதான். அம்மம்மா திகதி சொல்ல மாட்டார் என்று எழுதியிருக்கிறீர்கள். அவர் சொல்லியிருப்பது திகதியேதான். நீங்கள் படித்த நாட்காட்டியில் அது இல்லை, அவ்வளவுதான். யாழ்ப்பாணத்துச் சனம் வந்தது கந்தசஷ்டிப் பாறணை முடிந்த கிழமை என்கிறார். 1995இல் யாழ்ப்பாணத்தின் வலிகாமத்து மக்கள் போரினால் ஒரே இரவில் பெயர்ந்தது ஒக்ரோபர் 30. அந்த வருடம் அமாவாசை ஒக்ரோபர் 24; அதற்கு மறுநாள் தொடங்கிய சஷ்டி விரதம் 29இல் சூரன்போரோடு முடிந்தது. தென்மராட்சிக்குப் போன சனத்தில் ஒரு பகுதியினர் கிளாலிக் கடல்நீரேரியைக் கடந்து வன்னிக்கு வந்தார்கள். விரதமிருந்து பாறணை செய்த அந்தக் கிழமையில்தான் அம்மம்மா அவர்களைப் பாடசாலை வாசலில் கண்டிருக்கிறார். நாளேட்டைப் பார்த்துத் திகதியை உறுதிப்படுத்த எனக்குக் கால் மணி நேரம் ஆகும். அவருக்குத் தன் வயிற்றிலிருந்தே தெரிந்திருக்கிறது.

விரதம் பிடிக்கும் ஒருவரிடம் இப்படித்தான் கேட்க வேண்டும். "எத்தனையாம் ஆண்டு?" என்று தொடங்காமல், "அப்ப என்ன விரதம்? வற்றாப்பளைப் பொங்கலுக்கு முன்னமோ, பின்னமோ? புளியம்பொக்கணைக்குப் போட்டு வந்திருந்தீங்களோ?" என்று கேளுங்கள். வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் பொங்கல் என்றால் வைகாசி விசாகத்தையொட்டிய திங்கட்கிழமை; புளியம்பொக்கணை நாகதம்பிரான் பொங்கல் என்றால் பங்குனி உத்தரம். திருவெம்பாவை என்றால் மார்கழித் திருவாதிரையோடு முடியும் பத்து நாள். முல்லைத்தீவுக் கரையைக் கடல் அள்ளிய 2004 டிசம்பர் 26 ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூரணை, திருவெம்பாவையின் கடைசி நாட்கள். விடியப்புறம் திருவெம்பாவை பாடி வந்தவர்களிடம் அந்தக் காலையைக் கேட்டால் மணிக்கணக்கோடு சொல்வார்கள். இந்த விரதங்களை வருடத்தோடு பொருத்திவிட்டால் திகதி கையில் வந்துவிடும். நம்மிடம் வாக்கியம், திருக்கணிதம் என்று இரண்டு பஞ்சாங்கங்கள் வழங்குவதால் சிலவேளை ஒரு நாள் முன்பின் ஆகலாம். அதற்காகத் தலையை உடைக்க வேண்டாம்.

ஒரு பொறியை மட்டும் கவனியுங்கள். நாம் ஜனவரியைத் தை என்றும் டிசம்பரை மார்கழி என்றும் சொல்லிப் பழகியவர்கள். அம்மம்மா "மார்கழி இருபது" என்றால் அது டிசம்பர் 20ஆகவும் இருக்கலாம், தமிழ் மாதக் கணக்கில் ஜனவரி முதற் கிழமையாகவும் இருக்கலாம். பாடசாலைக் கதை என்றால் பெரும்பாலும் முன்னையது, கோயிற் கதை என்றால் பின்னையது. ஒவ்வொரு முறையும் கேட்டுத் தெளியுங்கள்.

அடையாள அட்டைச் சிக்கலும் இதே பொறியிலிருந்து பிறந்தது என்றுதான் ஐயுறுகிறேன். பவ வருடம் 1934 சித்திரையில் தொடங்கி 1935 பங்குனியில் முடிந்தது. மாசி அந்த வருடத்தின் கடைசிக்கு முதல் மாதம் என்பதால் பவ வருட மாசி 1935 பெப்ரவரியில்தான் வரும். மாசி மகத்துக்கு முதல் நாள் அந்த மாதத்தின் மூன்றாவது வாரத்தில், தமிழ்க் கணக்கில் மாசியின் முதற் கிழமையில் விழும். பிற்காலத்தில் யாரோ ஒருவர் "பவ" என்பதை 1934 என்றும், மாசித் திகதியை அப்படியே பெப்ரவரித் திகதி என்றும் மாற்றி எழுதியிருக்க வேண்டும். அப்படியானால் உங்கள் அம்மம்மா அட்டையில் இருப்பதைவிட ஒரு வயது இளையவர், உரிய காலத்துக்கு ஒரு வருடம் முன்னதாகவே ஓய்வில் அனுப்பப்பட்டவர். இதை அவரிடம் சொன்னால் சிரிப்பாரா, கோபிப்பாரா என்று அறிய எனக்கும் ஆவல். அட்டையைத் திருத்த மட்டும் போகாதீர்கள்; இந்த வயதில் ஓய்வூதியத்தோடு சிக்குப்படும். நூலில் இரண்டையும் எழுதி, ஏன் இப்படி ஆகியிருக்கலாம் என்று ஒரு வரி சேர்த்தால் போதும்.

விரதம் துணைக்கு வராத இடங்களில் பள்ளிக்கூடமே துணைக்கு வரும். 1966 முதல் 1971 வரை நாட்டில் ஞாயிறு விடுமுறை இல்லை. நிலவின் நிலையைப் பொறுத்து வரும் போயா நாளும் அதற்கு முதல் நாளும்தான் வாராந்த விடுமுறை. ஏதாவது ஒரு பாடசாலையைப் பற்றிப் பேசும்போது, "அப்ப ஞாயிற்றுக்கிழமையும் பள்ளிக்கூடம் நடந்தது" என்று அவர் சொன்னால் அந்த ஐந்தாறு வருடத்துக்குள் நிற்கிறீர்கள். யாழ்தேவி ரயில் ஓடத் தொடங்கியது 1956, நின்றது 1990, கிளிநொச்சிக்குத் திரும்பி வந்தது 2013. 1955 ஆனிமாதச் சூரிய கிரகணம், 1964 மார்கழிச் சூறாவளி, வெளிநாட்டு மிளகாயும் வெங்காயமும் வராமல் வன்னித் தோட்டக்காரர் கையில் காசு புழங்கிய எழுபதுகளின் முற்பகுதி, கடிகாரத்தில் பழைய நேரம், புதிய நேரம் என்று இரண்டு ஓடிய 1996க்குப் பிந்திய காலம், மண்ணெண்ணெய் இல்லாமல் ஜாம்போத்தல் விளக்கில் பிள்ளைகள் படித்த வருடங்கள் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு, ஒவ்வொரு கதையையும் இவற்றுக்கு முன்னா பின்னா என்று கேட்டால் ஆறு பாடசாலைகளும் வரிசைக்கு வந்துவிடும்.

ஆவணங்கள் போய்விட்டன என்கிறீர்கள். உங்கள் வீட்டுப் பிரதிகள் போயிருக்கின்றன. எல்லாப் பிரதிகளும் போகவில்லை. அவருடைய ஓய்வூதியக் கோவையில் சேவைக்காலம், இடமாற்றங்கள், சேவை முறிவுகள் பதிவாகியிருக்கும். ஓய்வூதிய இலக்கத்தோடு பிரதேச செயலகத்தில் கேளுங்கள், அங்கிருந்து வழி காட்டுவார்கள். பழைய பதிவுகளைத் தேடும்போது மாவட்டப் பெயரில் ஏமாந்துவிடாதீர்கள். கிளிநொச்சி தனி மாவட்டமானது 1984இல். அதற்கு முந்திய கடதாசிகளில் உங்கள் ஊர் யாழ்ப்பாண மாவட்டத்தில் இருக்கும். முல்லைத்தீவுப் பக்கத்துப் பாடசாலைகள் 1978க்கு முன் பெரும்பாலும் வவுனியா மாவட்டத்தில் இருக்கும். அவர் படிப்பிக்கத் தொடங்கிய ஐம்பதுகளில் பல பாடசாலைகள் சைவ வித்தியா விருத்திச் சங்கத்தினதோ கிறிஸ்தவ சபைகளினதோ முகாமையில் இருந்தவை. 1960, 1961ஆம் ஆண்டுச் சட்டங்களின் பின்னரே அரசு பொறுப்பேற்றது. ஆகவே முதல் நியமனத்தைத் தந்தவர் திணைக்கள அதிகாரியாக இல்லாமல் ஒரு முகாமையாளராக இருந்திருக்கலாம். அப்படியானால் அந்த நேர்முகம் யாருடைய வீட்டு விறாந்தையில் நடந்தது என்று கேட்கத் தவறாதீர்கள். பாடசாலைகளின் சம்பவத் திரட்டுப் புத்தகங்களும் சேர்வு இடாப்புகளும் வன்னியில் பெரும்பாலும் அழிந்தன, ஆனாலும் ஆறில் ஒன்றில் ஒரு கொப்பி தப்பியிருக்கக்கூடும். ஒருமுறை நேரில் போய்க் கேட்பதில் நட்டமில்லை.

படங்களுக்கு வன்னியில் தேடி அலைவதைவிட வெளிநாட்டில் தேடுங்கள். எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் கடிதத்தோடு அனுப்பிய படங்கள் அங்கே பத்திரமாக இருக்கின்றன. பெரிய மாமா செலவைத் தர ஆயத்தமாக இருப்பவர்; அவருக்கு இந்த வேலையையும் கொடுங்கள். ரொறன்ரோவிலும் இலண்டனிலும் உள்ள பழைய மாணவர்களைத் தேடி, மற்றவர்களுடைய பூப்புனித நீராட்டு அல்பங்களில், வகுப்புப் படங்களின் ஓரத்தில், குடை பிடித்தபடி நிற்கும் ரீச்சரைக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். மாணவர்களிடம் வாழ்த்துரை கேட்க வேண்டாம். "ரீச்சர் உங்களை எதற்கு ஏசினார்?" என்ற ஒரே கேள்வியை வட்ஸ்அப்பில் அனுப்பிக் குரலாகவே பதில் வாங்குங்கள். வாழ்த்துரையில் எல்லாரும் ஒரே மாதிரி எழுதுவார்கள். ஏச்சு வாங்கியதை ஆளுக்கொரு மாதிரிச் சொல்வார்கள். அவரோடு படிப்பித்த ஆசிரியர்கள் பலருடைய கல்வெட்டுகளும் மலர்களும் 2005இல் தொடங்கிய நூலகம் என்ற எண்ணிம நூலகத்தில் சேர்ந்திருக்கின்றன. பாடசாலைப் பெயர்களை இட்டுத் தேடிப் பாருங்கள். வேறொருவருடைய கல்வெட்டின் ஒரு மூலையில் உங்கள் அம்மம்மா அகப்படலாம்.

பக்தியை எழுதும் முறை பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்த மாதிரி நூல்கள் சறுக்குவது அங்கேதான். "சிறந்த சிவபக்தை" என்று ஒரு இடத்திலும் எழுதாதீர்கள். விடிய நாலு மணி, திருநீறு, சிவபுராணம், பிறகு தேத்தண்ணீர் என்று உங்கள் கடிதத்தில் நீங்களே ஒரே வரியில் எழுதியிருக்கிறீர்கள். அதற்கு மேல் வேண்டியதில்லை. அதைப் பாராமல் சொல்லப் பழக்கியவர் யார் என்று கேளுங்கள். எந்த அடியில் இன்றைக்கும் தடக்குகிறது, பங்கருக்குள் இருந்தபோது வாய்விட்டுச் சொன்னாரா, மனதுக்குள்ளா என்று கேளுங்கள். திருக்கேதீச்சரத்துக்குச் சம்பந்தரும் சுந்தரரும் பாடிய பதிகங்களைத் தம் மாணவருக்குப் படிப்பித்த ஆசிரியர், அந்தத் தலத்துக்குப் போக முடியாமலிருந்த வருடங்களில் அவற்றை எப்படிப் படிப்பித்தார் என்பது எனக்கே தெரிந்துகொள்ள விருப்பமான கேள்வி. விசயதசமிக்கு ஏடு தொடக்கிய பிள்ளைகளின் விரலைப் பிடித்து அரிசியில் எழுதிய எழுத்து எது, அதில் கிறிஸ்தவப் பிள்ளைகள் இருந்தார்களா, அவர்களுடைய தாய்மார் என்ன சொன்னார்கள் என்பவையும் பக்திக் கதைகள்தான்.

இப்போது உங்கள் கடிதத்தின் கடைசிப் பகுதிக்கு வருகிறேன். பெரிய மாமாவின் நிபந்தனையை மாமாவோடு பேசித் தீர்க்க வேண்டாம், நீங்களும் தீர்மானிக்க வேண்டாம். அது அம்மம்மாவுடைய எட்டு வருடம். அவர் சொன்னால் எழுதலாம், வேண்டாம் என்றால் விட வேண்டும், சொல்லிவிட்டுப் பிறகு மனம் மாறினால் எடுத்துவிட வேண்டும். மாமாவின் பணம் அதற்குள் வர முடியாது. வந்தே தீரும் என்றால், குறைந்த பக்கத்தில், மட்டமான தாளில், உங்கள் சொந்தக் காசில் ஐம்பது பிரதி அச்சிடுங்கள் என்றுதான் சொல்வேன். மாமாவையும் வில்லனாக்கிவிடாதீர்கள். தன் அம்மா கோயிலுக்குப் போகாமலிருந்த வருடங்கள் என்பது அவருக்குத் தம்பி இல்லாத வருடங்கள். அவரும் தூரத்திலிருந்து அதைத்தான் மூடி வைக்கப் பார்க்கிறார்.

என் சொந்த எண்ணத்தைக் கேட்டால், அந்த எட்டு வருடத்தை விட்டுவிட்டு எழுதும் நூலில் உங்கள் அம்மம்மாவின் பக்தி வெறும் பழக்கமாகத் தோன்றிவிடும். கோயிலுக்குப் போகவில்லை, விளக்கை விடவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். சுவாமியோடு அவருக்கு என்ன வழக்கு இருந்தது, எது முறிந்தது, எது முறியவில்லை என்பதை அவர் ஒருவரே சொல்ல முடியும். கண்ணகிக்குப் பொங்கலிடும் மண்ணில் நீதி கேட்டுக் கோபித்த பெண்ணை நாம் வணங்கத்தான் செய்கிறோம். ஆனால் இதைக் கேள்வியாக நீங்கள் எழுப்பாதீர்கள். "ஏன் போகவில்லை?" என்பது வழக்கறிஞரின் கேள்வி. 2017 பெப்ரவரி 20இல் கிளிநொச்சியில் தொடங்கிய அந்தப் போராட்டத்தின் கொட்டிலுக்கு முதல்நாள் எப்படிப் போனார், யாரோடு போனார், பக்கத்தில் யார் இருந்தார்கள், மத்தியானச் சாப்பாடு எங்கிருந்து வந்தது என்று மட்டும் கேளுங்கள். அங்கிருந்து கோயில் உள்வீதிக்கு எத்தனை அடி என்பதை அவர் விரும்பினால் நடந்து காட்டுவார். பேச்சு நின்றால் நிற்கட்டும். ஒலிப்பதிவை நிறுத்திவிட்டு, தேத்தண்ணீர் ஊற்றிக் கொடுத்து, அன்றைக்கு வேறெதுவும் கேட்காமல் இருங்கள். இரவில் நித்திரை குழம்பினாலோ, சாப்பாட்டைத் தள்ளி வைத்தாலோ அந்தப் பகுதியைக் கைவிடுங்கள். எந்த நூலும் அதற்கு ஈடில்லை.

குடும்ப வரிசையில் கடைசி மாமாவின் பெயரை எப்படி அச்சிடுவது என்று நீங்கள் கேட்கவில்லை. கேட்காவிட்டாலும் அச்சகத்தில் அந்தக் கேள்வி வரும், எனவே முன்கூட்டியே சொல்லி வைக்கிறேன். நம் வழக்கப்படி மறைந்தவர் பெயருக்கு முன் "காலஞ்சென்ற" என்றோ "அமரர்" என்றோ சேர்ப்போம். 2009க்குப் பிறகு என் மேசைக்கு வந்த பல வரிசைகளில் அந்தச் சொல்லைச் சேர்ப்பதா இல்லையா என்பதில் வீடுகள் இரண்டாகியிருக்கின்றன. என் தொழில் விதி ஒன்றுதான்: தாய் சொல்லாத சொல்லை அச்சில் சேர்ப்பதில்லை. மற்றப் பிள்ளைகளின் பெயரைப் போலவே அவருடைய பெயரையும், பிறந்த ஒழுங்கில், அடைமொழி எதுவும் இல்லாமல் வைத்துப் படிவத்தை அம்மம்மாவிடம் காட்டுங்கள். அவர் ஒரு சொல் சேர்க்கச் சொன்னால், அது எந்தச் சொல்லானாலும், அவர் சொன்ன எழுத்திலேயே சேர்த்துவிடுங்கள். எழுத்தெண்ணிப் படிப்பித்தவர், தெரிந்துதான் சொல்வார்.

சில பகுதிகளை அவர் சொல்லவும் விரும்பலாம், ஊரார் வாசிப்பதை விரும்பாமலும் இருக்கலாம். அதற்கு வழியுண்டு. முழு ஒலிப்பதிவையும் இரண்டு மூன்று பிரதிகளாக வெவ்வேறு இடங்களில் வையுங்கள். ஒரு வீட்டில் ஒரே பெட்டியில் எல்லாவற்றையும் வைத்ததன் விலை என்ன என்பது வன்னியில் யாருக்கும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அச்சிடக்கூடியது எது, குடும்பத்துக்குள் மட்டும் எது, தன் காலத்துக்குப் பிறகு மட்டும் எது என்று அவரே பிரித்துச் சொல்லட்டும், அந்தச் சொல்லையும் அவர் குரலிலேயே பதிந்து வையுங்கள். ஒவ்வொரு பதிவின் தொடக்கத்திலும் நாள், இடம், இருப்பவர்கள் யார் என்று ஒரு வரி சொல்லுங்கள். காலைப் பூசையும் தேத்தண்ணீரும் முடிந்த கையோடு நாற்பது நிமிடம் போதும், அதற்கு மேல் இழுக்க வேண்டாம். காது மந்தம் என்பதால் எதிரே, வெளிச்சம் உங்கள் முகத்தில் படும்படி இருந்து, கூச்சலிடாமல் நிறுத்தி நிறுத்திக் கேளுங்கள். அவர் பேசுகிறபடியே எழுதுங்கள். "வந்தது" என்பதை "வருகை தந்தது" ஆக்க வேண்டாம். எழுதிய ஒவ்வொரு அத்தியாயத்தையும் அவருக்கு உரக்க வாசித்துக் காட்டாமல் அச்சுக்குக் கொடுக்காதீர்கள்.

வெளியீட்டைப் பிறந்தநாளில் வைக்க வேண்டாம். எந்தப் பிறந்தநாள் என்ற சண்டை வரும். ஊர்ப் பிள்ளைகள் இன்றும் ஏடு தொடக்க அவரிடம் வருகிறார்கள் என்றால் விசயதசமி பொருத்தமான நாள், வருகிறவர்கள் கையில் அப்படியே கொடுத்துவிடலாம்; மண்டபச் செலவும் இல்லை. மாமாவிடம் அந்தப் பணத்தைப் படங்களைத் துப்புரவாக்கி அச்சிடச் செலவிடச் சொல்லுங்கள். கையெழுத்துப் பிரதி ஆயத்தமானதும் விரதங்களையும் திதிகளையும் குறித்த பக்கங்களை மட்டும் எனக்கு அனுப்பிவையுங்கள். பஞ்சாங்கத்தோடு ஒப்பிட்டுத் திருப்பி அனுப்புகிறேன்.